பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு சோடா போதுமா?

2014ஆம் ஆண்டு வவுனியாவில் ஒரு களஞ்சியம் கட்டினேன். பிளானை ஒருவரைப் பிடித்து பாஸ் பண்ணிக்கொண்டேன். மற்றதெல்லாம் மேசன் பாஸின் பொறுப்பு. அடுத்த ஆண்டு மாரியில் நிலம் ஒரு பக்கமாக இறங்கியது. தண்ணீர் உள்ளே வந்தது. அடியில் அடுக்கியிருந்த சீமெந்து மூடைகள் கல்லாகிவிட்டன. அன்று ஏற்பட்ட நஷ்டத்தில் பாதியைச் செலவழித்திருந்தால் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டிருக்கலாம்.

2017இல் அதே களஞ்சியத்தைப் பெருப்பிக்க நினைத்தபோது புத்தி வந்தது. ஓர் ஆலோசனைப் பொறியியலாளரை அழைத்தேன். அவரோடு பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவரும் வந்தார். மட்டம் பார்க்கும் கருவியை வைத்து வளவு முழுக்க அளந்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டது: "ஐயா, கட்ட முதல் மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்தீங்களா? வாசல் பக்கம் களஞ்சியத்தை விட ஒன்பது அங்குலம் உயரம்."

மூன்று வருடமாக நானும் மேசன் பாஸும் காணாததை அந்தப் பிள்ளை அரை நாளில் கண்டுபிடித்தது. அதற்கு நான் கொடுத்தது ஒரு சோடா. கிளிநொச்சியிலிருந்து மாங்குளம், ஓமந்தை தாண்டி தன் சொந்தக் காசில் பஸ்ஸில் வந்துபோகிறார் என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்த வெட்கத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கிருந்து வருகிறார்கள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருப்பது யாழ்ப்பாணத்தில் அல்ல, கிளிநொச்சி அறிவியல்நகரில். 2014இல் அங்கு படிப்பு ஆரம்பமானது. கட்டடம், வீதி, நீர் சம்பந்தப்பட்ட குடிசார் பொறியியல், மின், இயந்திரம், கணினி என்று பிள்ளைகள் அங்கு படிக்கிறார்கள். வவுனியா வளாகமும் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. நமது ஏ-9 வீதியின் ஓரத்திலேயே படித்த பிள்ளைகள் உருவாகிறார்கள் என்பதை வியாபாரிகளாகிய நாம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை.

பொறியியல் மாணவர் புத்தகத்தை மட்டும் படித்துப் பட்டம் பெற முடியாது. படிக்கும் காலத்திலேயே வேலைத்தளத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மேற்பார்வை செய்பவர் அதில் கையொப்பமிட வேண்டும். வெளிநாடுகளில் இதைக் கோடை விடுமுறைப் பயிற்சி என்பார்கள். நம் நாட்டில் பல்கலைக்கழகம் ஒதுக்கும் காலத்தில் நடக்கிறது. இப்படியான பயிற்சிகளை ஒழுங்குசெய்வதற்கென்றே 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 'நைட்டா' என்று நாம் சொல்லும் அதிகாரசபை இருக்கிறது.

ஆலோசனை நிறுவனம் என்றால் என்ன?

அது கல் அடுக்கும் நிறுவனமல்ல. மண்ணைப் பரிசோதிப்பது, வரைபடம் போடுவது, செலவைக் கணக்கிடுவது, கொந்தராத்துக்காரர் சரியாகச் செய்கிறாரா என்று பார்ப்பது இவைதான் அதன் தொழில். 1973இல் அரசாங்கம் அமைத்த மத்திய பொறியியல் ஆலோசனைப் பணியகம் இதற்கு நல்ல உதாரணம். ஒரு மாணவருக்கு இத்தகைய இடத்தில் கிடைக்கும் பயிற்சி பெறுமதியானது. ஒரே நேரத்தில் பல வேலைகளின் ஆரம்பத்தையும் முடிவையும் அங்கு காணலாம்.

சிக்கல் என்னவென்றால், பெரிய நிறுவனங்களில் அநேகமானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் அண்டியே இருக்கின்றன. முல்லைத்தீவில் தோட்டம் செய்பவரின் மகன் கொழும்பில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்துப் பல மாதங்கள் இருக்க வேண்டும். வசதியுள்ளவர் சமாளிப்பார். வசதியில்லாதவர் கடன்படுவார், அல்லது கிடைத்த இடத்தில் பெயருக்குப் பயிற்சி எடுத்துவிட்டு வருவார். கொழும்பில் பழகியவர் பட்டம் பெற்றதும் அங்கேயே தங்கிவிடுவதில் ஆச்சரியமில்லை. பிறகு "வன்னியில் நல்ல இஞ்சினியர் இல்லை" என்று கவலைப்படுபவர்களும் நாம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

தனியொரு கடைக்காரர் பொறியியலாளரை வைத்திருக்க முடியாது. ஆனால் பத்து வியாபாரிகள் சேர்ந்தால் முடியும். அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, ஹார்ட்வெயார் களஞ்சியம், கல்யாண மண்டபம் என்று ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு கட்டட வேலை அல்லது மின்சார வேலை இருக்கிறது. வர்த்தகர் சங்கத்தின் மூலம் ஓர் ஆலோசனை நிறுவனத்துடன் பேசி, அந்த வேலைகளை ஒன்றாகக் கொடுக்கலாம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைக்கலாம்: அறிவியல்நகர் மாணவர்கள் இருவரைப் பயிற்சிக்கு இங்கேயே எடுக்க வேண்டும். மாணவர்களின் போக்குவரத்தையும் சாப்பாட்டையும் நாம் பொறுப்பேற்கலாம். பத்துப் பேர் பங்கிட்டால் அது எவருக்கும் சுமையாகாது.

நான்கு விடயங்களை மட்டும் மறக்க வேண்டாம்.

1. வேலையை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். "வந்து நில்லுங்கள் தம்பி" என்பது பயிற்சியல்ல. 'ஆலையின் மின்சாரப் பாவனையை மெஷின் வாரியாக அளந்து தர வேண்டும்' என்பது பயிற்சி.

2. தேநீர் வாங்கவும் பில் எழுதவும் அனுப்பாதீர்கள். அதற்குக் கடைப் பொடியன் இருக்கிறான்.

3. மாணவர் சொன்னதை வைத்து உடனே தூணை இடிக்காதீர்கள். அவர் அளக்கலாம், கணக்குப் போடலாம். பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டியவர் தகுதிபெற்ற பொறியியலாளர். பொறியியல் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்வதற்கு 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது.

4. வேலைத்தளத்தில் தலைக்கவசமும் சப்பாத்தும் கொடுங்கள். விபத்து நடந்த பின் மன்னிப்புக் கேட்பதில் பயனில்லை.

"பழக்கிவிட்டால் போய்விடுவானே" என்று சிலர் சொல்லக்கூடும். ஜேர்மனியில் தொழிற்பயிலுனர்களுக்குக் கம்பனிகளே கொடுப்பனவு கொடுத்துப் பழக்குகின்றன. அவர்களிலும் சிலர் வேறு இடம் போகிறார்கள்தான். ஆனாலும் நாட்டில் கைதேர்ந்தவர்கள் பெருகும்போது தமக்கும் ஆள் கிடைக்கும் என்று அந்த முதலாளிகள் கணக்குப் பார்க்கிறார்கள். 2016இல் அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் நம் கண்முன்னே இருக்கிறது. அதன் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், அந்த முதலாளிகளின் கணக்கையும் நாம் படிக்க வேண்டும்.

கூலி விடயத்தில் நமது மார்க்கம் எவ்வளவு கண்டிப்பானது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிக்கும் பிள்ளைதானே என்பதற்காக உழைப்பு இலவசமாகிவிடாது.

என் களஞ்சியத்தைச் சுற்றி இப்போது கான் வெட்டியிருக்கிறது. அதன் பிறகு வந்த மாரிகளில் ஒரு மூடையும் நனையவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பஸ் காசு இன்னும் என் கணக்கில் கடனாகவே இருக்கிறது. அடுத்த பயிற்சிக் காலத்தில் வரும் ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்துத் தீர்க்க நினைத்திருக்கிறேன். என்னோடு சேர இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.