முடக்கற்றான் கீரையும் ஆய்வுக்கூடத்து எலியும்

வேலியோரத்தில் விதைப்பாரின்றி முளைத்து, பற்றுக்கம்பி நீட்டி, அருகில் நிற்கும் எதன்மீதும் ஏறிப் படரும் முடக்கற்றான் கொடியை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. மூன்று பக்கங்கள் கொண்ட பச்சைப் பலூன் போன்ற அதன் காயைப் பறித்து, நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடிக்கச் செய்யாத சிறுவரும் அரியரே. காயினுள் மிளகு போன்ற கருநிற விதையும், அவ்விதையின்மேல் வெண்ணிறத்தில் ஓர் இதயத்தின் வடிவமும் இருக்கும். அதைக் கண்ட மேனாட்டுத் தாவர நூலார் 'இதய விதை' என்று பொருள்படும்படி கிரேக்கச் சொற்களைக் கூட்டிக் 'கார்டியோஸ்பெர்மம்' என்று பெயரிட்டனர். நம் முன்னோரோ விதையைப் பாராது பயனைப் பார்த்தனர். முடக்கை அறுப்பது என்னும் பொருளில் முடக்கறுத்தான் என்றனர். அதுவே மக்கள் நாவில் முடக்கற்றான் என்றும் முடக்கத்தான் என்றும் ஆயிற்று. சங்க காலத்தில் பகைவர் கோட்டையை முற்றுகையிட்ட வீரர் சூடிய உழிஞைப் பூ இக்கொடியினதே என்று கருதுவோர் பலர். கோட்டையை வளைத்த கொடி இன்று நம் வீட்டுத் தோசைமாவில் அரைபட்டுக் கிடக்கிறது!

'மூட்டுவலிக்கு முடக்கற்றான், அறிவியலும் ஒப்புக்கொண்டது' என்னும் செய்தி நாளேடுகளிலும் கைப்பேசியிலும் அடிக்கடி வலம் வருகின்றது. படித்த பிள்ளைகள் அதைத் தம் தாய்க்கு அனுப்புகின்றனர். தாயும் மகிழ்கிறாள். அறிவியல் ஒப்புக்கொண்டது எதனை? ஆய்வுக்கூடத்தில் இவ்விலையை யாரிடம் கொடுத்து, எதைக் கேட்டு, என்ன விடை பெற்றனர்? இதனைச் சற்று விரிவாகவே காண்போம். நம் பங்குகளில் திருப்பலியின்போது முழந்தாளிட முடியாமல் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மூத்தோர் எத்துணைப் பேர்! அவர்களுடைய மருந்துப் பெட்டியில் எது இருக்கலாம், எது வெளியே எறியப்படக் கூடாது என்பது இவ்விடையைப் பொறுத்தது.

முதலில் ஒரு சொல். மூட்டுவலி என்பது ஒரே நோயின் பெயரன்று. முதுமையில் குருத்தெலும்பு தேய்ந்து முழங்காலை வாட்டுவது ஒன்று. யூரிக் அமிலம் படிகமாகிப் பெருவிரலைத் திடீரெனச் சிவக்கவைப்பது இன்னொன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி, தன் மூட்டுகளையே பகையெனத் தாக்குவது மூன்றாவது. இதனையே முடக்குவாதம் என்கிறோம். பெரும்பாலும் பெண்களை, அதுவும் பிள்ளை வளர்க்கும் நடுத்தர வயதிலேயே பற்றும் கொடிய நோய் இது. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு உண்டாக்கப்படுவது இம்மூன்றாம் வகையை ஒருவாறு ஒத்த நோயே என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆய்வு செடியை அடையாளம் காண்பதில் தொடங்குகின்றது. ஊருக்கு ஊர் பெயர் மாறும் நாட்டில், சந்தையில் விற்கும் கீரைக்கட்டை நம்பி ஆய்வில் இறங்க முடியாது. பூவும் காயும் உள்ள கிளையைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, தாவர வல்லுநர் ஒருவரிடம் காட்டிப் பெயரை உறுதி செய்து, அதனை ஒரு காப்பகத்தில் எண்ணிட்டு வைக்கின்றனர். பின்னாளில் எவருக்கேனும் ஐயம் எழுந்தால் அத்தாளை எடுத்துப் பார்க்கலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இராபினாட் உலர்தாவரக் காப்பகம் இப்பணிக்குப் பெயர் பெற்றது. அதை உருவாக்கிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார், தமிழக நிலப்பகுதியின் தாவரங்களை மலைமலையாய் அலைந்து திரட்டி, 1980-களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 2004-இல் அவர் மறைந்தார். மருந்தாராய்ச்சி என்றதும் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குழாயுமே நம் கண்முன் நிற்கின்றன. கரடுமுரடான மலைப்பாதையில் தோல்பை சுமந்து நடந்த இத்தகையோரின் உழைப்பு அதற்கு அடியிலே கிடக்கிறது.

பெயர் உறுதியானபின் இலையை நிழலில் உலர்த்திப் பொடிக்கின்றனர். வெயிலில் காயவைத்தால் சில பொருள்கள் கெடும். பொடியைச் சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் இட்டு, கீழே சாராயத்தைக் கொதிக்க விடுவர். ஆவி மேலே சென்று குளிர்ந்து பொடியின்மீது சொட்டும், சத்தைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும், மீண்டும் ஆவியாகும். மணிக்கணக்கில் இவ்வாறு சுழன்றபின் சாராயத்தை ஆவியாக்கி நீக்கினால், கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பான சாறு எஞ்சும். பெரும்பாலான ஆய்வுகளில் 'முடக்கற்றான்' எனப்படுவது இச்சாறே. நம் தோசையில் இருப்பது இதுவன்று.

இச்சாற்றுக்கு வைக்கப்படும் தேர்வுகள் பல. எளியது, முட்டை வெண்கருவைச் சூடாக்கும் தேர்வு. வெண்கரு சூட்டில் உருக்குலைந்து வெண்மையாகக் கலங்கும். சாற்றைக் கலந்தால் அக்கலக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கின்றனர். உடலில் அழற்சியின்போதும் புரதங்கள் உருக்குலைவதுண்டு என்பது இதன் அடிப்படை. செலவு குறைவு, உயிர்வதை இல்லை, ஒரே பகலில் முடிந்துவிடும். ஆயினும் துவர்ப்புப் பொருள் மிகுந்த எந்த இலையும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடியது. எனவே இத்தேர்வை மட்டும் வைத்துக்கொண்டு மூட்டுவாத மருந்து கண்டோம் என்று பறைசாற்றினால், கீரைக்கடையில் பாதிக்குமேல் மருந்தாகிவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது!

இதனினும் ஆழமான தேர்வுகளும் இவ்விலைக்கு நடந்துள்ளன. 1987-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இச்செடியையும் பேயாவிரையையும் எடுத்துக்கொண்டு, அவை அழற்சியை எவ்வழியில் தணிக்கின்றன என்று உயிர்வேதியியல் நோக்கில் ஆராய்ந்து வெளியிட்டனர். 2009-இல் திருவனந்தபுரம் இராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்து ஆய்வாளர் கண்டது இன்னும் கருத்துக்குரியது. சுண்டெலியின் வெள்ளணு வகையொன்றைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, நுண்ணுயிரின் நஞ்சை ஊட்டிச் சீறச் செய்தனர். அவ்வணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை, குறிப்பாக டி.என்.எஃப். ஆல்பா என்பதை, மிகுதியாக உண்டாக்கத் தொடங்கின. முடக்கற்றான் சாற்றைச் சேர்த்ததும் அவ்வுற்பத்தி தணிந்தது. இதில் வியப்பு யாதெனில், 1990-களின் இறுதியில் முடக்குவாத மருத்துவத்தையே மாற்றிய விலையுயர்ந்த ஊசிமருந்துகள் தடுப்பதும் இதே பொருளைத்தான். பாட்டியின் இலையும் அந்த ஊசியும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்று கூறலாம். எனினும் ஊசி அந்த ஒன்றை மட்டும் குறிவைத்து, மனித உடலினுள் சென்று தடுக்கிறது. சாறு தடுத்தது தட்டில் வளர்ந்த அணுக்களில். வயிற்றையும் கல்லீரலையும் கடந்து இரத்தத்தில் அதில் எவ்வளவு எஞ்சும் என்பதற்குத் தட்டு விடை கூறாது.

ஆகவேதான் எலியிடம் செல்ல வேண்டியதாகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜூல்ஸ் பிராய்ண்ட் என்பவர், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளை எண்ணெயில் குழைத்த கலவை ஒன்றை உருவாக்கினார். அது எதிர்ப்பாற்றலைக் கடுமையாகத் தூண்டும். அதனை எலிக்கு ஊசியால் செலுத்தினால் மூட்டுவாதம் தோன்றுகிறது என்று 1956-இல் பியர்சன் என்னும் மருத்துவர் விவரித்தார். அன்றுமுதல் உலகெங்கும் இம்முறை கையாளப்படுகிறது. பின்னங்காலில் ஊசியிட்டதும் அக்கால் வீங்கும். ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாளில் ஊசி படாத கால்களும் வீங்கத் தொடங்கும். எலி மெலியும், காலை ஊன்றாது. எலிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சாறும், ஒரு குழுவுக்கு இண்டோமெதசின் போன்ற பெயர்பெற்ற மருந்தும், ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லாமலும் விட்டு, மூன்று நான்கு வாரம் காத்திருப்பர். காலை நீரிலோ பாதரசத்திலோ அமிழ்த்தி, எவ்வளவு நீர்மம் எழுகிறது என்று கண்டு வீக்கத்தை அளப்பர். இரத்தத்தையும் மூட்டையும் பின்னர்ச் சோதிப்பர். விலங்கு நெறிக்குழுவின் இசைவின்றி இவ்வாய்வு இன்று நடைபெறலாகாது. அந்தச் சிற்றுயிர் படும் வலியை நினைக்கும்போது, அதனிடம் பெற்ற விடையை மிகைப்படுத்தியோ திரித்தோ கூறுவது இரட்டைத் தவறு என்றே தோன்றுகிறது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர் முடக்கற்றான் இலைச்சாற்றை இம்முறையிலேயே விஸ்டார் இன எலிகளில் சோதித்து, 2013-இல் பன்னாட்டு இதழொன்றில் வெளியிட்டனர். சாறு பெற்ற எலிகளிடம் மூட்டுவாதம் தணிந்தது. இலையில் உள்ள பீனால் வகைப் பொருள்களுள் எவை அதற்குக் காரணமாகலாம் என்றும் நுண்கருவியால் பிரித்துக் காட்டினர். ஆகவே நம் பாட்டிமார் கூறியது வெறுங்கதையன்று. இலையினுள் ஏதோ இருக்கிறது.

ஆனால் எலிக்கும் மனிதருக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்ப்போம். இத்தகைய ஆய்வுகளில் ஒரு கிலோ எடைக்கு 250 மில்லிகிராம் என்னும் அளவில் சாறு தருவது உண்டு. எலியின் அளவை மனிதருக்கு மாற்றும்போது ஏறத்தாழ ஆறால் வகுப்பது வழக்கம். அவ்வாறு வகுத்தால் கிலோவுக்கு 40 மில்லிகிராம்; 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள்தோறும் 2.4 கிராம் சாறு. பத்துக் கிராம் உலர்ந்த இலையில் ஒரு கிராம் சாறு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 24 கிராம் உலர்ந்த இலை வேண்டும். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு நீர் எனக் கொண்டால், ஒருவருக்கு மட்டும் நாளொன்றுக்கு 120 கிராம் பச்சை இலை. வாரம் ஒருமுறை குடும்பம் முழுவதற்கும் ஒரு கைப்பிடி அரைத்துச் சேர்க்கும் தோசை இக்கணக்கில் எங்கே நிற்கும்? மேலும், பல ஆய்வுகளில் எலிக்கு ஊசியிட்ட நாளிலிருந்தே சாறும் தரப்படுகிறது. மனிதரோ விரல்கள் வீங்கி, காலையில் சொம்பைக்கூடப் பிடிக்க முடியாத நிலை வந்தபின்னரே மருத்துவரை நாடுகின்றனர்.

எலியைக் கடந்து மனிதரிடம் வந்து சேர்ந்த மூலிகை ஒன்றும் உண்டு. வடநாட்டார் சலாய் என்றும் சல்லகி என்றும் அழைக்கும் மரத்தின் பிசின் அது. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த தூபவர்க்கம் அரபு நாட்டில் விளையும் உடன்பிறப்பு மரத்தினது. 1980-களில் ஜம்முவிலிருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடம் இப்பிசினை விலங்குகளில் சோதித்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் அறிஞர், அதன் அமிலங்கள் அழற்சியை வளர்க்கும் ஒரு நொதியைத் தடுப்பதைக் கண்டனர். 2003-இல் நாகபுரியில் முழங்கால் தேய்மானம் உள்ள 30 பேருக்கு அது தரப்பட்டது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. எட்டு வாரம் கழித்து இடைவெளிவிட்டு மாற்றித் தந்தனர். எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். வலியும் வீக்கமும் குறைந்தன. நடக்கும் தொலைவு கூடியது. எக்ஸ்-ரே படத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இந்த இறுதி வரியையும் மறையாமல் எழுதினார்களே, அதுவே நமக்கு அவ்வாய்வின்மீது மதிப்பை உண்டாக்குகிறது. வலி தணிந்தது, தேய்ந்தது வளரவில்லை. முடக்கற்றானிடம் எலி வழியாகக் கேட்ட அளவுக்கு மனிதர் வழியாக இன்னும் கேட்கவில்லை.

இனி, மருந்துப் பெட்டிக்கு வருவோம். முடக்குவாதத்தில் மூட்டின் எலும்பு அரிக்கப்படுவது பெரும்பாலும் நோயின் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. அரித்தது மீளாது. அதனாலேயே மருத்துவர்கள் தொடக்கத்திலேயே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தருகின்றனர். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்ண வேண்டிய மாத்திரை. மறந்து நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. இரத்தத்தையும் கல்லீரலையும் இடையிடையே சோதிக்கவும் வேண்டும். இவ்வச்சத்தாலும் செலவாலும் சலிப்படைந்த ஒரு தாய், 'அறிவியல் ஒப்புக்கொண்ட' கீரை ஒன்று கொல்லையிலேயே இருக்கிறது என்று கேட்டால் என்ன செய்வாள்? மாத்திரையை நிறுத்துவாள். முதல் சில வாரங்கள் பெரிதாக ஒன்றும் தெரியாது. விரல்கள் கோணியபின் தெரியும்.

பெயரறியாத பொட்டலங்களில் வரும் 'மூலிகைப் பொடி' இன்னும் அஞ்சத்தக்கது. ஓரிரு நாளில் வலி பறந்துவிட்டதென்றால், இலையைப் போற்றுமுன் ஐயுறுவதே நலம். 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூட்டுவலிக்கென மூலிகைப் பெயரில் விற்ற 'ஆர்ட்ரி கிங்' மாத்திரையைச் சோதித்து, வெளியே குறிப்பிடாத டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டும் டைக்குளோஃபினாக் என்னும் வலிமருந்தும் அதில் இருப்பதாக எச்சரித்தது. இத்தகையதை நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்துவதும் தீங்கு. மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகவே நிறுத்த வேண்டும்.

முடக்கற்றான் தோசையைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. இளம் இலையாகப் பார்த்துப் பறித்து, அரிசியோடு அரைத்து, சற்றே புளிக்கவிட்டு வார்த்தால் கசப்பும் தெரியாது. ரசத்திலும் இடலாம். நாள்தோறும் சாறாகவோ பொடியாகவோ உண்பவர், அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது அதன் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லட்டும். அவர் கேட்காவிட்டாலும் காட்டட்டும்.