சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன்பே தீவிரத்தைக் கணிக்க முடியுமா?

மேல்கோட்டையில் 60 வயதைத் தாண்டிய ஒருவருக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை. இரண்டு நாளில் தானாகவே நின்றுவிடுகிறது. 'உடம்புச் சூடுதான், இளநீர் குடிச்சா சரியாப் போயிடும்' என்று வீட்டில் சொல்வார்கள்.

ஆனால், வலியில்லாமல் ரத்தம் போவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முக்கியமான முதல் அறிகுறி. 2022இல் உலகம் முழுக்க 6 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. புகைப்பழக்கமே மிகப்பெரிய காரணம். பீடியும் இதில் அடக்கம்.

ஆழம் ஏன் முக்கியம்?

சிறுநீர்ப்பையின் உள்தோலுக்கு அடியில் தசை இருக்கிறது. சுமார் நான்கில் மூன்று பேருக்குக் கட்டி தசையைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அதைச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து செலுத்துவார்கள். காசநோய்க்குப் போடும் அதே பிசிஜிதான்.

தசைக்குள் இறங்கிவிட்டால் கதையே வேறு. கீமோதெரபி, சிறுநீர்ப்பையையே அகற்றுவது, அல்லது கதிர்வீச்சு என்று சிகிச்சை மாறும்.

வழக்கமாக எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர்ப் பாதை வழியே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி, பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். எடுத்த சதையில் தசைப்பகுதி இல்லையென்றால் ஆழம் தெரியாது. பல நேரம் இரண்டாவது முறை சுரண்ட வேண்டிவரும். வாரங்கள் ஓடிவிடும்.

சரி, இதுல ஸ்கேன் எங்க வருது?

எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் 'வைராட்ஸ்' முறை 2018இல் அறிமுகமானது. 1, 2 என்றால் தசையில் பரவியிருக்க வாய்ப்பு குறைவு. 3 என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. 4, 5 என்றால் பரவியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிரிட்டனின் 'பிளாடர்பாத்' ஆய்வு இதன் பலனைக் காட்டியது. தசைவரை பரவிய நோயாளிகளுக்குச் சரியான சிகிச்சை கிடைக்க, வழக்கமான பாதையில் இடைநிலையாக 98 நாள் ஆனது. சந்தேகம் வந்ததுமே எம்ஆர்ஐ எடுத்த பாதையில் 53 நாள். மிச்சம் 45 நாள். நோய் உறுதியான பிறகு சிறுநீர்ப்பையை அகற்றுவது 12 வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று வேறு ஆய்வுகள் சொல்வதால், இது சின்ன விஷயம் இல்லை.

அப்போ பயாப்ஸி வேண்டாமா?

வேண்டும். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும் வகை என்பதை ஸ்கேன் சொல்லாது. தட்டையாகப் படரும் ஆரம்பநிலைப் புற்றும் அதில் தப்பிவிடலாம்.

நோயாளி என்ன கேட்கலாம்?

மேல்கோட்டையிலிருந்து மைசூரு சுமார் 50 கிலோமீட்டர். அரசின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் பெங்களூரு இன்னும் தூரம். ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலியை விழுங்கும். அதனால் போகும்போதே இந்த மூன்றையும் கேளுங்கள்:

• சுரண்டுவதற்கு முன் எனக்கு எம்ஆர்ஐ தேவையா? (சுரண்டிய காயம் படத்தைக் குழப்பும். பிறகு எடுப்பதானால் குறைந்தது இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.)
• வைராட்ஸ் மதிப்பெண் ரிப்போர்ட்டில் வருமா?
• பயாப்ஸியில் தசைப்பகுதி இருந்ததா?

இதெல்லாம் நடக்க முதல் படி ஒன்றுதான்: ஒரே ஒருமுறை ரத்தம் போய் நின்றுவிட்டாலும், டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள்.