உளவியலாரின் உரிமமும் விலக்கும்

உடல் நோய்க்கு மருந்து தருவோர் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. உள்ளத்து நோவைக் கேட்டறிந்து வழி கூறும் உளவியலார்க்கும் அஃது வேண்டுமோ எனின், வேண்டும் என்பதே அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட முடிவு. ஆயினும், அந்நாட்டுச் சட்டங்கள் சிலர்க்கு விலக்கும் அளித்துள்ளன. அவ்விலக்கின் காரணத்தை அறிந்தாலன்றி உரிமத்தின் பயன் முழுதும் விளங்காது.

அங்கே உரிமம் வழங்குவது நடுவண் அரசன்று. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்றிக்கொள்கிறது. 1945இல் கனெக்டிகட் மாநிலம் முதற்சட்டம் செய்தது. மிசௌரி 1977இல் இறுதியாக வந்து சேர்ந்தது.

இச்சட்டங்களில் இருவகை உண்டு. ஒன்று பெயரைக் காப்பது. தகுதி பெறாதவர் தம்மை 'உளவியலார்' என்று கூறிக்கொள்ளலாகாது என்பதோடு அது நின்றுவிடும். வேறொரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு அதே தொழிலை அவர் நடத்தினால் தடுக்க இயலாது. மற்றொன்று தொழிலையே காப்பது. உளக்குறைகளை ஆராய்தல், உளச்சோதனை நடத்துதல், பேச்சினால் பண்டுவம் செய்தல் ஆகியவற்றை எப்பெயரால் செய்யினும் உரிமம் வேண்டும் என்பது அதன் கருத்து.

உரிமம் பெறுதல் எளிதன்று. பெரும்பாலான மாநிலங்கள் உளவியலில் டாக்டர் பட்டத்தை வேண்டுகின்றன. அதன்மேல் உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி பெறல் வேண்டும்; கலிபோர்னியாவில் அது 3,000 மணி நேரம். பின்னர், மாநிலங்களுக்குப் பொதுவான எழுத்துத் தேர்விலும் தேறுதல் வேண்டும். அத்தேர்வில் 225 வினாக்கள் உள. பல மாநிலங்கள் தத்தம் சட்டம் பற்றித் தனித்தேர்வும் வைக்கின்றன.

இனி, விலக்கு யார்க்கு? பிறர் துயர் கேட்டு ஆறுதல் கூறுவது ஒரு தொழிலார்க்கே உரியதன்று. மருத்துவரும் சமூகப் பணியாளரும் சமயக் குருமாரும் தத்தம் கடமையினூடே அதனைச் செய்கின்றனர். ஆகவே, தம்மை உளவியலார் என்று சொல்லிக்கொள்ளாதவரை அவர்கள் பணிக்குத் தடையில்லை. மேற்பார்வையில் பயிலும் மாணவர்க்கும், கற்பித்தலும் ஆராய்ச்சியுமே தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகத்தார்க்கும் விலக்குண்டு. பல மாநிலங்களில் அரசு நிலையங்களிலும் பள்ளிகளிலும் ஊதியம் பெறுவோர்க்கும் உண்டு.

ஆசிரியர்கள் உற்றுநோக்க வேண்டியது பள்ளி உளவியலாரின் நிலையே. கல்வித் துறை அளிக்கும் சான்றுடன், எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படும் குழந்தையை அவர் பள்ளியில் சோதித்துக் காரணம் அறியலாம். அவரே மாலையில் தம் இல்லத்தில் கட்டணம் பெற்று அதே பணியைச் செய்யப் புகுந்தால், அதற்குரிய உரிமம் தேவைப்படும். ஆள் ஒருவரே, கல்வியும் ஒன்றே, ஆயினும் சட்டம் வேறுபடுகிறது. விலக்கு ஆளுக்கன்று, இடத்திற்கே என்பது இதனால் பெறப்படும்.

அமெரிக்க உளவியற் சங்கம் தன் மாதிரிச் சட்டத்தைத் திருத்தியபோது, டாக்டர் பட்டமில்லாத பள்ளி உளவியலார்க்கு அப்பெயரையே மறுக்க முற்பட்டது. பள்ளி உளவியலார் கடுமையாக எதிர்த்தனர். முடிவில், 2010இல் ஏற்கப்பட்ட சட்டம், பள்ளிப் பணியளவில் அப்பெயர் அவர்களிடமே இருக்க இசைந்தது.

இடத்திற்கு ஏன் இத்துணைச் சிறப்பு? தனியார் அறையில் நோயாளிக்கும் உளவியலார்க்கும் இடையே மூன்றாமவர் இல்லை. மனம் நொந்து வருபவர் எதிரே இருப்பவரின் திறமையை அளந்தறியும் நிலையிலும் இல்லை. தீங்கு நேர்ந்தால் மாநில வாரியத்திடம் முறையிடலாம். அது விசாரித்து உரிமத்தைப் பறிக்கவும் கூடும். பள்ளியிலோ அரசு நிலையத்திலோ பணிபுரிபவர்க்கு அந்நிலையமே பொறுப்பேற்கும் என்று சட்டம் கருதுகிறது.

அக்கருத்து மெய்யாவது நிலையத்தாரின் விழிப்பினால்தான். அவர்கள் அயர்ந்தால், விலக்குப் பெற்றவரிடம் சென்ற குழந்தைக்கு வாரியத்தின் காவலும் இல்லை, நிலையத்தின் காவலும் இல்லை. ஆகவே, உரிமம் உண்டா என்று கேட்பதோடு பெற்றோரும் ஆசிரியரும் அமைதல் ஆகாது. பிழை நேர்ந்தால் விடை கூறக் கடமைப்பட்டவர் யார் என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.