மோட்டார் வண்டியின் எச்சரிக்கை மணி

கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வாடகைக் காரில் செல்வது இன்று நம் கிராமங்களில் சாதாரணமாகிவிட்டது. அண்மையில் நாம் அத்தகைய வண்டி ஒன்றில் ஏறியபொழுது, முன்னிருக்கையின் சீட் பெல்ட் பூட்டில் சிறு உலோகத் துண்டொன்று செருகப்பட்டிருக்கக் கண்டோம். “மணி ஓயாமல் அடிக்குதுங்க, அதை நிறுத்தத்தான்” என்றார் ஓட்டுநர். அந்த மணியை அங்கே வைத்தவர் யார், எதற்காக என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் புளியமரத்தில் மோதினால் வண்டி நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னே பாய்கிறார். அவ்வேகம், ஏறத்தாழ 32 அடி உயரத்திலிருந்து தரையில் விழுபவருக்கு உண்டாகும் வேகமாகும். தென்னை ஏறுபவருக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு பாயும் உடலை மார்பிலும் இடுப்பிலும் பிடித்து நிறுத்துவதே சீட் பெல்ட்டின் வேலை. இன்று வழக்கிலுள்ள மூன்று முனைப் பெல்ட்டை, சுவீடன் தேசத்து வோல்வோ கம்பெனியில் இருந்த நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் அமைத்துக் கொடுக்க, அது 1959-ல் கார்களில் இடம் பெற்றது. விபத்தின்போது விரியும் காற்றுப்பை இருப்பதால் பெல்ட் வேண்டாம் என்று எண்ணுவோரும் உளர். அது தவறு. பெல்ட் அணியாதவர் முன்னே சரிந்து வரும் வேளையில் பை பலமாக விரிந்தால், அதனாலேயே காயம் நேரக்கூடும்.

பெல்ட் இருந்தும் மக்கள் அணிய மறப்பதால் மணி வந்தது. இதில் அமெரிக்க நாட்டின் அனுபவம் சுவையானது. அங்கே 1974-ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்னிருக்கையில் இருப்போர் பெல்ட்டைப் பூட்டினாலன்றி எஞ்சின் கிளம்பாதபடி ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கடையில் வாங்கிய சாமான் பையை இருக்கையில் வைத்தாலும், நாயை உட்கார வைத்தாலும், ஆள் இருப்பதாகக் கருதி வண்டி கிளம்ப மறுத்தது! ஜனங்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் இயற்றி அக்கருவியைக் கட்டாயமாக்குவதைத் தடுத்தது; எச்சரிக்கை ஒலியையும் 8 விநாடிக்கு மேல் கட்டாயப்படுத்தலாகாது என்று வரம்பிட்டது. அவ்வரம்பு நீங்க 2012 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நல்ல ஏற்பாடேயாயினும், மக்களின் பொறுமையை அளந்து பாராமல் புகுத்தினால் இப்படித்தான் முடியும் என்பது நமது கருத்து.

நம் நாட்டு விதி நடுவழியைக் கொண்டது. வண்டி கிளம்பும், ஆனால் நினைவூட்டும். 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணிகள் கார்களில், அதாவது ஓட்டுநர் நீங்கலாக எட்டு இருக்கைகளுக்கு மேற்படாத வண்டிகளில், ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை இருத்தல் வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒலிப்பதும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாது ஒலிப்பதும் வேறு மணி. இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது. டிராக்டருக்கு இவ்விதி இல்லை.

பழைய வண்டியில் மணி இல்லையே, ஆகவே பெல்ட்டும் வேண்டாமே எனச் சிலர் வாதிப்பர். மணி வேறு, அணியும் கடமை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதி, முன்னிருக்கையில் இருப்போரோடு, முன்னோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் இருப்போரும் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. 2019-ல் சேர்க்கப்பட்ட 194-பி பிரிவின்படி அணியாமைக்கு அபராதம் ரூ. 1,000. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பின்றி ஏற்றிச் சென்றாலும் அதே அபராதம். குழந்தையை மடியில் வைத்துக் கொண்டால் போதும் என்னும் நம்பிக்கை நம் தாய்மாரிடையே வேரூன்றியிருக்கிறது. மோதலின் வேகத்தில் எந்தக் கையும் குழந்தையைப் பிடித்து வைக்க வல்லதன்று.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிர மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில், பின்னிருக்கையில் பெல்ட் அணியாதிருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் மற்றொருவரும் மாண்டனர். அதே மாதத்தில், பின்னிருக்கைக்கும் மணி வேண்டும் என்னும் வரைவு விதியை மத்திய சர்க்கார் வெளியிட்டது. மணியை ஏமாற்றும் துண்டுகளை இணையத்தில் விற்ற ஐந்து நிறுவனங்கள் மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உத்தரவு பிறப்பித்தது. அத்துண்டைப் பயன்படுத்துவோருக்குக் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் இடையூறு நேரலாம் என அது சுட்டிக்காட்டியது.

ஏமாற்றுவது எளிது. பூட்டினுள் இருக்கும் சிறு சுவிட்சு, நாக்கு போன்ற ஒரு துண்டு நுழைந்ததா என்பதை மட்டுமே அறியும். மனிதனின் மார்பில் பட்டை இருக்கிறதா என்பதை அறியாது. அருகிருக்கையின் கீழுள்ள கருவியோ பாரத்தை மட்டுமே உணரும். அதனால்தான் உர மூட்டையையோ தக்காளிக் கூடையையோ முன்னிருக்கையில் வைத்தால் மணி அடிக்கிறது. மூட்டையைப் பின்னால் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

வாடகைக்கு வண்டி அமர்த்துகையில், பின்னிருக்கைப் பெல்ட்டுகள் உறைக்கு அடியில் மறைந்து கிடக்கின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும். பின்னர் சாவியைத் திருப்பினால், பெல்ட் அணிந்த மனித உருவம் கொண்ட சிவப்பு விளக்கு ஓட்டுநரின் எதிரே எரியும், பூட்டினால் அணையும். பெல்ட் பூட்டாதிருந்தும் அது எரியவில்லையாயின், பூட்டில் துண்டு இருக்கிறது, அல்லது பல்போ கம்பியோ பழுதாகியிருக்கிறது. கம்பியை எலி கடித்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டலாம். துண்டானால், அதை உருவி எறிய ஒரு விநாடி போதும்.