மழைக்காலமும் பிஸ்கட் டப்பாவும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. தீபாவளியும் கிறிஸ்துமஸும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. வீட்டு அவனில் பட்டர் பிஸ்கட்டும் நெய் பிஸ்கட்டும் அதிகம் வேகும் காலமும் அதுதான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எனக் கடலோர வீடுகளில் காலையில் மொறுமொறுவென்று இருந்த பிஸ்கட், மூடாமல் விட்டால் இரவுக்குள் நமத்துவிடுகிறது. மாவு சரியில்லை, அவன் சரியில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் காற்றின் ஈரத்தைக் கவனிப்பதில்லை.

 

காற்றிலிருந்து மட்டுமல்ல, மாவு பிசையும்போதே ஈரம் வந்துவிடுகிறது. கடை வெண்ணெயிலேயே சுமார் 16 சதவீதம் தண்ணீர். வீட்டில் கடைந்ததில் அதற்கும் மேல் இருக்கலாம். அதை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும், அல்லது நெய்க்கு மாறிவிடலாம். வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகத் தொடங்கும். நம் சமையலறைச் சூடே அந்த அளவுக்கு வந்துவிடுவதால், உருட்டிய மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டால்தான் தட்டில் பரவி ஓடாது. அவனை முன்கூட்டியே சூடாக்கி, 160 முதல் 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம். தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும்; ஆறும்போதுதான் இறுகும்.

காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். சூட்டோடு டப்பாவில் போட்டால் ஆவி மூடியில் வியர்த்துத் திரும்ப பிஸ்கட்டிலேயே சொட்டும். ஆறட்டும் என்று இரவெல்லாம் ஃபேனுக்கடியில் வைத்தால் மழைக்காற்றின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். வெல்லமும் தேனும் சேர்த்தவை இன்னும் சீக்கிரம் நமத்துவிடும். கம்பி வலையில் பரப்பி, கைச்சூடு முழுதும் போனதுமே மூடிவிட வேண்டும். பெரிய எவர்சில்வர் டப்பா ஒன்றைவிட, இறுக்கமான மூடி போட்ட சின்ன டப்பாக்கள் நல்லவை. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. கேக்கை அதே டப்பாவில் வைக்கவே கூடாது, அதன் ஈரம் பிஸ்கட்டுக்கு வந்துவிடும்.

நமத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சிக்கு வாடை வந்துவிட்டால் வழியில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். முந்திரி, வேர்க்கடலை போட்டவற்றில் அது சீக்கிரமே வரும்.

அடைமழை நாட்களில் மொத்தமாகச் சுட்டு அடுக்காதீர்கள். பிசைந்த மாவை உருளையாகச் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். விருந்தாளி வரும் அன்று வேண்டியதை மட்டும் நறுக்கிச் சுடுங்கள்.