கடிகாரம் இருந்தும் காலம் தெரியாதோர்

காலம் பொன் போன்றது என்பர் பெரியோர். பொன்னைத் தொலைத்தாலும் உழைத்துத் தேடிக்கொள்ளலாம். கழிந்துபோன நாழிகையை மீட்டுத் தருவார் எவருமிலர். வள்ளுவப் பெருந்தகையும் காலமறிதல் என்று தனியோர் அதிகாரமே வகுத்துள்ளார். முதல் மணி அடிக்குமுன் பள்ளி வாயிலுக்குள் நுழைய வேண்டும் என்பதை நாம் எல்.கே.ஜி. வகுப்பிலிருந்தே கற்று வருகிறோம். ஆகவே, நேரந்தவறாமையின் பெருமையை மீண்டும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. குறித்த நேரத்துக்கு வர வேண்டும் என்று மனமார விரும்பியும், கையில் கடிகாரம் கட்டியிருந்தும், வர இயலாமல் தவிக்கும் பெரியவர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியே இங்குக் காண்போம்.

ஒரு நிகழ்ச்சி

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அன்னையார் எதற்கும் தாமதமாகவே வருவார். பெற்றோர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில் மூச்சிரைக்க ஓடி வருவார். சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், தோழி பேச்சுப் போட்டிக்கான முதற் பரிசைப் பெற்று மேடையிலிருந்து இறங்கிய பின்னரே அவர் மண்டப வாயிலில் வந்து நின்றார். "உங்கள் வீட்டுக் கடிகாரம் மட்டும் தனியாக ஓடுகிறதா?" என்று எங்களில் சிலர் கேலி பேசினோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். சற்று நேரத்துக்குப் பின், கைகழுவும் குழாயடியில் அவள் தனியே நின்று அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தோம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பாசிரியை அந்த அம்மையாரை நன்னெறி வகுப்புக்கு அழைத்திருந்தார். தம் இளைய மகனுக்காக மனநல மருத்துவரைக் காணச் சென்றவர், மருத்துவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தம் சொந்தச் சிறுவயதையே விடையாகக் கண்டாராம். முறையாகப் பரிசோதித்தபின், மகனுக்கு மட்டுமன்றித் தாய்க்கும் அதே குறை உண்டு என்று தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 39. "இத்தனை ஆண்டுகளாக நான் சோம்பேறி என்றே நானும் நம்பியிருந்தேன்" என்று அவர் சொன்னபோது வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. இதை ஆண்டு மலரில் எழுதுமாறு எங்களைக் கேட்டுக்கொண்டவரும் அவரே.

குறையின் பெயரும் வரலாறும்

இக்குறையைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழில் கூறலாம். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பர். இது நேற்று முளைத்த நோயன்று. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-ஆம் ஆண்டிலேயே கவனம் ஓரிடத்தில் நில்லாதவர்களைப் பற்றி எழுதியுள்ளார். 1902-ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் இது கவனக்குறைவுக் கோளாறு என்று இடம்பெற்றது. 1987-இல் இப்போதைய பெயர் வந்தது.

நெடுங்காலம் இது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்றும், வளர வளரத் தானே மறைந்துவிடும் என்றும் எண்ணினர். பலருக்கு அது மறைவதில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. துள்ளித் திரிவது குறையும். ஆனால் மறதியும், ஒழுங்கின்மையும், நேரம் தவறுவதும் தொடரும். பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் அல்லது மூவருக்கு இக்குறை இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். பெண்பிள்ளைகள் பலர் ஓடியாடித் தொல்லை தராமல் சன்னலோரம் அமர்ந்து கனவு காண்பவர்களாகவே இருப்பதால், அவர்களது குறை யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

காலம் ஏன் தெரிவதில்லை?

நெற்றிக்குப் பின்னால் அமைந்துள்ள முன்மூளைப் பகுதியே திட்டமிடுதல், தொடங்குதல், நிறுத்துதல், நினைவில் வைத்திருத்தல் ஆகிய வேலைகளை மேற்பார்வை செய்கிறது. இக்குறையுடையோருக்கு அப்பகுதியும், அதனோடு இணைந்த பிற பகுதிகளும் இயங்கும் முறையில் வேறுபாடு உண்டு. டோபமின், நார்அட்ரினலின் என்னும் இரசாயனத் தூதுவர்களுக்கு இதில் முக்கியப் பங்குண்டு. இக்குறை பெரும்பாலும் பரம்பரையாகத் தொடர்வது. ஆகவே, தாய்க்கும் மகனுக்கும் ஒருங்கே இருந்ததில் வியப்பில்லை.

அமெரிக்க உளவியல் அறிஞர் ரசல் பார்க்லி இதனைக் காலத்தைப் பொறுத்த கிட்டப்பார்வைக்கு ஒப்பிடுகிறார். கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கரும்பலகையில் எழுதியது மங்கலாகத் தெரிவது போல, இவர்களுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் நேரம் மங்கலாகவே தெரியும். இவர்கள் அறிந்தவை இரண்டே காலங்கள்: ஒன்று 'இப்போது', மற்றொன்று 'இப்போதில்லை'. ஒன்பதரை மணிக் கூட்டம் எட்டு மணிக்கு 'இப்போதில்லை' என்ற பெட்டிக்குள் கிடக்கும். ஒன்பதே காலுக்குத் திடீரென்று 'இப்போது' என்ற பெட்டிக்குள் பாய்ந்துவிடும். பிறகு ஓட்டமும் பதற்றமும்தான் மிச்சம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மனிதர் அனைவருமே குறைத்தே மதிப்பிடுகின்றனர். டேனியல் கானமன், ஆமோஸ் டுவெர்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டு இப்பிழைக்குப் பெயரிட்டே எழுதியுள்ளனர். எல்லார்க்கும் உள்ள இப்பிழை இவர்களிடம் பன்மடங்காகப் பெருகிவிடுகிறது.

காலமறிதலை ஓர் அதிகாரமாகவும், மடியின்மையை மற்றோர் அதிகாரமாகவும் வள்ளுவர் பிரித்து வைத்தார் அன்றோ? நேரம் தெரியாமை வேறு, சோம்பல் வேறு என்று நாமும் பிரித்துக் காண வேண்டும்.

செய்யத்தக்கவை

அந்த அம்மையார் தாம் கற்றுக்கொண்ட வழிமுறைகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அவற்றைக் கீழே தருகிறோம்.

1. காலத்தைக் கண்ணால் காண வேண்டும். உள்ளே ஓடாத கடிகாரத்தை வெளியே மாட்ட வேண்டும் என்பதே முதல் விதி. சமையலறை, குளியலறை, படுக்கையறை ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம் வேண்டும். எண் மட்டும் காட்டுவதைவிட முள் உள்ள கடிகாரமே சிறந்தது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது அதில் இடமாகவே தெரியும்.

2. ஊகிக்காமல் அளக்க வேண்டும். குளித்துச் சேலை கட்டித் தலைவாரி முடிக்க இருபது நிமிடம் போதும் என்று அவர் எண்ணியிருந்தார். ஒரு வாரம் குறித்துப் பார்த்ததில் நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. தினமும் தாமதமானதன் இரகசியம் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் ஒளிந்திருந்தது.

3. கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும். கூட்டம் 9.30-க்கு என்றால், பதினைந்து நிமிடம் முன்னதாக 9.15-க்குப் பள்ளி வாயிலில் இருக்க வேண்டும். பேருந்துப் பயணம் 35 நிமிடம்; எனவே 8.40-க்குப் பேருந்து. காத்திருக்க 10 நிமிடம், 8.30-க்கு நிறுத்தத்தில் நிற்க வேண்டும். நடக்க 10 நிமிடம், 8.20-க்கு வீட்டைப் பூட்ட வேண்டும். சாவி, பை, செருப்பு, அடுப்பை அணைத்தல் ஆகியவற்றுக்கு 15 நிமிடம், ஆக, 8.05-க்குக் கைவேலையை விட்டு எழ வேண்டும். நாட்காட்டியில் பெரிதாக எழுத வேண்டியது 9.30 அன்று, 8.05 தான்.

4. மணி இரண்டு வேண்டும். முதல் மணி கைவேலையை நிறுத்த; இரண்டாம் மணி படியிறங்க. கைப்பேசியை அறையின் மறுகோடியில் வைத்தால், எழுந்து சென்றுதான் அணைக்க முடியும்.

5. 'இதை மட்டும் முடித்துவிட்டு' என்ற எண்ணத்துக்கு இடந்தரலாகாது. தாமதத்தின் தாய் இந்த ஒரு சொற்றொடர்தான் என்றார் அவர். 'முதல் மணி அடித்தால், கையில் உள்ள பாத்திரத்தைக் கழுவாமலே கீழே வைப்பேன்' என்று முன்கூட்டியே வாசகமாக எழுதி ஒட்டியுள்ளார். இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முடிவு செய்துகொள்ளும் இம்முறையின் பயனை ஜெர்மன் உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து நிறுவியுள்ளார்.

6. முன்னிரவிலேயே ஆயத்தம் செய்ய வேண்டும். நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். மணமகன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே தூங்கிவிட்டனர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை! ஐவரைக் காப்பாற்றியது விழிப்பன்று; முன்னரே கொண்டுவந்த எண்ணெய்தான். சாவிக்குக் கதவருகே ஓர் ஆணி, எடுத்து வைத்த பை, மடித்து வைத்த சேலை ஆகியவையே அந்த எண்ணெய்.

7. முன்னதாக வந்து காத்திருக்கவும் வழி வேண்டும். சும்மா அமர்ந்திருப்பது இவர்களுக்குப் பெருந்துன்பம். அதற்கு அஞ்சியே கடைசி நிமிடம் வரை வீட்டில் எதையாவது செய்துகொண்டிருப்பர். பையில் ஒரு புத்தகமோ பின்னல் வேலையோ இருந்தால் அவ்வச்சம் தீரும்.

மருத்துவ உதவி

கடிகாரமும் பட்டியலும் மட்டும் எல்லார்க்கும் போதா. மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்ஸெடின் முதலிய மருந்துகள் பலருக்கு நற்பயன் தருகின்றன. அவற்றை மனநல மருத்துவரின் சீட்டும் கண்காணிப்பும் இன்றி உட்கொள்ளலாகாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகச் சீர்செய்யும் உளவியல் பயிற்சியும் உண்டு.

ஆனால் தாமதமாக வருவோர் அனைவருக்கும் இக்குறை உண்டு என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. தூக்கமின்மை, தைராய்டுக் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியையும் கவனச்சிதறலையும் தரும். 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, குறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கைக்கு இடையூறாக இருக்க வேண்டும். அதைத் தேர்ந்தவர்தாம் கூற முடியும். எங்கே தொடங்குவது என்று தெரியாதோர், நடுவணரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

காரணம் வேறு, சாக்கு வேறு

"அப்படியானால் இவர்கள் தாமதமாக வந்தால் தவறில்லையா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அம்மையார் தயங்காமல் விடை கூறினார்: "எனக்காகக் காத்திருப்பவரின் நேரமும் நேரந்தானே! காரணம் தெரிந்ததால் என் கடமை குறையவில்லை. ஆனால் இப்போது என்னை நானே திட்டிக்கொள்ளும் நேரத்தில் கடிகாரம் மாட்டுகிறேன்."

இக்கருத்து திருச்சபைக்குப் புதிதன்று. புனித ஆசீர்வாதப்பர் 6-ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்குநூலின் 43-ஆம் அதிகாரம், செபத்துக்கும் உணவுக்கும் தாமதமாக வருவோரைப் பற்றியது. தாமதமாக வந்தவர் தமக்குரிய இடத்தில் நிற்கக்கூடாது, கடைசியில் நிற்க வேண்டும் என்று அதில் கண்டிப்பு உண்டு. ஆயினும் அவரை வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைக்கவே சொல்கிறார். அது மட்டுமன்று, எழுந்து வரத் தாமதிப்போரும் வந்து சேரும் பொருட்டு, இரவுச் செபத்தின் தொடக்கத் திருப்பாடலை மெதுவாக நீட்டிப் பாடுமாறும் பணிக்கிறார். துயிலெழும்போது ஒருவரையொருவர் மென்மையாக ஊக்கப்படுத்த வேண்டும் என்று 22-ஆம் அதிகாரத்தில் கூறுகிறார். ஒழுங்கும் இரக்கமும் ஒரே வீட்டில் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முடிவுரை

அன்று மாலையே நாங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். இவ்வாண்டு விளையாட்டு விழாவன்று அந்த அம்மையார் கொடியேற்றத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து வேப்பமரத்தடியில் பின்னல் வேலையோடு அமர்ந்திருந்தார். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாயிற்று. ஆனால் வழியிலேயே பள்ளி அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டார். தோழி வராந்தாவை எட்டி எட்டிப் பார்க்காமல் எங்களோடு அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்புத் தோழியரே! நம் வகுப்பிலும் தாமத ஏட்டில் அடிக்கடி பெயர் எழுதப்படுவோர் உண்டு. அவர்களைச் 'சோம்பேறி' என்று அழைக்குமுன் ஒருகணம் நிற்போம். காலையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "வா, சேர்ந்தே போவோம்" என்று அழைத்து வருவது நம்மால் இயலாத காரியமா? நேரத்தோடு வருபவர்களாகிய நாம், பின்னால் ஓடி வருவோருக்காக நம் முதற்பாடலைச் சற்று மெதுவாகப் பாடக் கற்றுக்கொள்வோமாக!