பாட்டியின் சுருக்குப் பையும் எங்கள் பள்ளிப் பையும்



நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நம்மில் பலரும் பார்த்திருப்போம். வெற்றிலையும் பாக்கும் மட்டுமா அதில் இருக்கும்? ஒரு துண்டுச் சுக்கு இருக்கும். நூல் சுற்றிய ஊசி இருக்கும். ஓர் ஊக்கு, நான்காக மடித்த பத்து ரூபாய்த் தாள், பெட்டிச் சாவி எல்லாம் இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெற்றிலைப் பை. பேரப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் அதுவே மருந்துப் பை. பேருந்துக்குக் காசு குறைந்தால் அதுவே பணப் பை. நாமோ தோள் வலிக்க வலிக்கப் புத்தகப் பையைச் சுமக்கிறோம். அவசரம் என்று வந்தால் அதிலிருந்து எடுக்க ஒன்றும் இல்லை. இதை நாங்கள் உணர்ந்த விதத்தையும், உணர்ந்த பின் செய்ததையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

அன்று நடந்தது

இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ மீட்டர் தூரந்தான். கொல்லத்திலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகத் திருமங்கலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. மேற்கே மலை கூடவே வரும். காலை வேளையில் மில்லுக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், கோயிலுக்குச் செல்வோர் என்று பேருந்து நிரம்பி வழியும். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர் நாள்தோறும் இந்த வழியில்தான் வந்து போகிறோம்.

சென்ற ஆண்டு அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று எங்களில் ஒருத்தி பேருந்தின் மூலையில் சாய்ந்து நின்றபடியே வந்தாள். உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. பள்ளி நிறுத்தம் வந்தது. நாங்கள் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். அவள் இறங்கவில்லை. தேர்வு அறையில் அவள் இடம் காலியாக இருந்தது. மறுநாளும் அவள் வரவில்லை.

நான்காம் நாள்தான் விவரம் தெரிந்தது. வர வேண்டிய தேதிக்கு முன்பே மாதவிலக்கு வந்து சீருடை கறைபட்டுவிட்டது. நிலையம் வரை போய், சுவரோடு ஒட்டி நின்று, அடுத்த பேருந்தில் வீடு திரும்பிவிட்டாள். உடன் வந்த பதின்மூன்று பேரிடமும் அவளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அதைவிட, எங்களிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை என்பதுதான் எங்களைச் சுட்டது. அவள் அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம்.

எங்கும் நடப்பதுதான்

அவசரம் என்பது ஒருத்திக்கு மட்டும் வருவதன்று. சில வேளைகளில் ஊருக்கே வரும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், பாதையின் அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். பலர் 19ஆம் தேதிவரை அங்கேயே இருக்க நேர்ந்தது. அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டரிலும் உணவு வந்தது. வண்டி ஏறும்போது அவர்களில் யாராவது இப்படி நினைத்திருப்பார்களா? காலையில் சென்னையில் இறங்கிக் காப்பி குடிக்கலாம் என்றுதானே நினைத்திருப்பார்கள்!

2005 ஜூலை 26 அன்று பம்பாயில் 94 சென்டிமீட்டர் மழை பெய்தபோது அலுவலகம் சென்றவர்கள் இரவு முழுதும் ரயிலிலும் சாலையிலும் தவித்தார்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது தோக்கியோ நகரில் ரயில்கள் நின்று, இலட்சக் கணக்கானோர் வீடு திரும்ப முடியாமல் போயினர். அதன் பின் அந்நகரில், நிறுவனங்கள் தம் ஊழியருக்கு மூன்று நாளுக்கான உணவும் நீரும் சேமித்து வைக்க முயல வேண்டும் என்று விதி செய்தார்கள். அது 2013 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டு அறிந்தவர்கள் செய்ததை நாம் பார்த்து அறிந்து செய்யலாம் அன்றோ?

பையில் என்ன வைக்கலாம்?

தையல் வகுப்பில் மீந்த துணியைக் கொண்டு ஆளுக்கொரு சுருக்குப் பை தைத்தோம். ஒரு சாண் நீளம், அதில் பாதி அகலம். அடர்ந்த நிறத் துணியாக எடுத்துக்கொண்டோம். அதில் வைத்தவை வருமாறு:

முதலாவது, ஒரு சிறிய அட்டை. அதில் நம் பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து இருந்தால் அதன் பெயர், வீட்டார் இருவருடைய தொலைபேசி எண்கள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். நனைந்தாலும் பென்சில் எழுத்துக் கரையாது. கைப்பேசி வந்தபின் அம்மாவின் எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. நாங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தபோது பாதிப் பேர் தடுமாறினோம்! அட்டையின் பின்புறம் ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, ரயில் பயணிகளுக்கு 139 என்று எழுதினோம். வீட்டு முகவரியைப் பையின் வெளிப்புறத்தில் எழுதக் கூடாது. அது யார் கண்ணிலும் படலாம்.

இரண்டாவது, பணம். சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று 2021ஆம் ஆண்டு வந்தது முதல் காசு எடுத்துவரும் பழக்கமே போய்விட்டது. ஆனால் அந்தப் பேருந்து தவறி வேறு பேருந்தில் ஏறினால் சீட்டு வாங்கியாக வேண்டும். கைப்பேசியில் பணம் இருந்தாலும் சார்ஜ் தீர்ந்தால் அது வெறும் பெட்டிதான். ஒரு ஐம்பது ரூபாய்த் தாளும் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களும் போதும்.

மூன்றாவது, எங்கள் பையில் தலையாய பொருள். இரண்டு நாப்கின்கள், ஓர் உள்ளாடை, சுற்றி எறியச் செய்தித்தாள் துண்டு, ஒளி புகாத சிறு கவர். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். கழிப்பறைக்குள் போடக் கூடாது. குறைந்த விலையில் நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கிய கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்களுக்கு இந்திய அரசு 2016ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கியது. நாடே விருது கொடுத்துப் போற்றிய பொருளுக்காக நாம் ஏன் தலைகுனிய வேண்டும்? பிறர் பார்க்காமல் வைத்துக்கொள்வது வேறு, வெட்கப்படுவது வேறு.

நான்காவது, காயத்துக்கானவை. இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகளில் நெய்யப்படுவது ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டும் பேண்டேஜ் துணிதான். வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகும் துணி நம் பையில் இல்லாமல் இருக்கலாமா? ஒரு பேண்டேஜ் சுருள், இரண்டு காஸ் துண்டுகள், நான்கு பிளாஸ்திரிகள் வைத்தோம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் மீண்டும் வரும். காப்பித் தூள் அப்பக் கூடாது. நம் மாவட்டம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர் பெற்றதாகையால் தீக்காயம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். தீப்பட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். மை, பற்பசை, எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

ஐந்தாவது, வாய்க்கானவை. ஒரு குளுக்கோஸ் பொட்டலம், ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இரண்டு கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பல நாள் கெடாது, பசியும் தாங்கும்.

குளுக்கோஸ் எதற்கு என்று கேட்பீர்கள். சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, மரம் விழுந்து எங்கள் பேருந்து வழியில் இரண்டு மணி நேரம் நின்றது. ஆஸ்பத்திரி போய்த் திரும்பிய ஓர் அம்மாள், “கண்ணு இருட்டுதும்மா” என்றார். உடல் நடுங்கி வியர்வை கொட்டியது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட்டுவிட்டு மதியம் உணவு உண்ணவில்லையாம். இந்நிலையில் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது ஏறத்தாழ 15 கிராம், உடனே கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும் என்று படித்திருந்தோம். அப்படியே செய்தோம். சற்று நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். திருவில்லிபுத்தூர்க்காரர்கள் எங்களைக் கோபிக்க வேண்டா! பால்கோவாவில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்கு வெறும் சர்க்கரையே நல்லது. தெளிந்தபின் பால்கோவா சாப்பிடலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன் மேல் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் ஒரே முறையாகக் கரைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டிப் போட்டுக் கலக்கலாம்.

ஆறாவது, சில்லறைச் சாமான்கள். சிறிய டார்ச், விசில், நான்கு ஊக்கு, ஊசி நூல், கைக்குட்டை, மடித்த பெரிய பிளாஸ்டிக் பை ஒன்று. மழை வந்தால் அந்தப் பையில் புத்தகங்களைக் காப்பாற்றலாம். இருட்டில் கத்தினால் சிறிது நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலை மூன்று மூன்று முறையாக ஊதினால் நெடுந்தூரம் கேட்கும். மருந்து என்றால் மருத்துவர் நமக்கென்று எழுதித் தந்தது மட்டுமே. நம் மாத்திரையைப் பிறருக்குக் கொடுப்பது உதவியன்று, ஆபத்து.

வைக்கக் கூடாதவை

தற்காப்புக்கு என்று கத்தி வைக்கலாமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். பள்ளியிலும் ஆகாது, பிடுங்கினால் நமக்கே ஆகாது. தீப்பெட்டியும் வேண்டா. 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தனர். அவசரத்துக்கு என்று எடுத்துப் போவது அடுத்தவர் உயிருக்கு அவசரமாகிவிடக் கூடாது.

பேணும் முறை

பையில் இவ்வளவும் இருந்தும் எடை அரைக் கிலோவுக்குள்தான். அறிவியல் ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். கடையில் வாங்கியவற்றுக்குச் செலவு இருநூறு ரூபாய்க்குள் ஆனது. தண்ணீர்ப் பாட்டில் தனி. பையைப் புத்தகங்களுக்கு அடியில் வைக்காமல் முதுகுப் பக்கத்து அறையில் வைத்தால் பார்க்காமலே கையால் எடுக்கலாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பிரித்துப் பார்த்து, எடுத்ததை நிரப்பி, காலாவதித் தேதியைச் சரிபார்த்து, டார்ச்சை ஒரு முறை எரியவிட வேண்டும். பசித்தபோது கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு மறந்துபோவதே எங்கள் பெரிய குறை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்!

முடிவாக

பை மட்டும் எல்லாவற்றையும் சரி செய்துவிடாது. நம்மிடம் பொருள் இருப்பது பிறருக்குத் தெரிய வேண்டும். தேவைப்படுபவள் கேட்கத் துணிய வேண்டும். ஆகவே எங்களுக்குள் ஒரு சொல் வைத்துக்கொண்டோம். “சுருக்குப் பை இருக்கா?” என்று ஒருத்தி கேட்டால், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சென்ற மாதம் ஒரு காலை, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நெரிசலில் நெருங்கி வந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. அன்று கணக்குத் தேர்வைத் தவறவிட்டாளே, அந்தத் தோழியின் கையைப் பிடித்து, “அக்கா, சுருக்குப் பை இருக்கா?” என்று மெல்லக் கேட்டாள். எங்கள் தோழி ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் நால்வர் எழுந்து அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டோம். பள்ளி நிறுத்தம் வந்தது. எல்லாரும் இறங்கினோம், அவளும் இறங்கினாள்.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, பேருந்துத் தோழியர் சார்பில்